கொண்டையை மட்டும் நம்பாதீர்கள்: தில்லிப் பொட்டல்களில் கொண்டை வானம்பாடி

வேலைக்கோ படிப்புக்கோ தில்லி வந்து சேரும் நம்மவர்களில் பறவை பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள், முதல் குளிர்காலத்திலேயே பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு சுல்தான்பூருக்கும் ஓக்லாவுக்கும் கிளம்பிவிடுவார்கள். வாத்து, நாரை, பூநாரை என்று பட்டியல் நீளும். நல்லதுதான். ஆனால் சுல்தான்பூர் ஏரிக்குப் போகும் வழியில், சாலையோர மண்ணில் ஓடிக்கொண்டிருக்கும் பழுப்புக் குருவியை யாரும் வண்டியை நிறுத்திப் பார்ப்பதில்லை. அந்தப் பழுப்புக் குருவிகளில் ஒன்றுதான் கொண்டை வானம்பாடி. மொராக்கோவில் தொடங்கி சீனா வரை பரவியிருக்கும் இந்தப் பறவையை லின்னேயஸ் 1758லேயே விவரித்துவிட்டார். அறிவியல் பெயர் கலெரிடா கிறிஸ்டேட்டா.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு இது புதுப் பறவை. நம் பக்கம் வேலிக்கல் மேல் உட்கார்ந்து, திடீரென்று மேலெழும்பி, இறக்கையை விரித்தபடி மெல்ல இறங்கும் சிவந்த இறக்கைக்கார வானம்பாடியைப் பார்த்திருப்பீர்கள். உழுத வயலில் சாம்பல் தலை வானம்பாடியையும் பார்த்திருப்பீர்கள். இங்கே சாம்பல் தலை உண்டு. முதலாவது கிடையாது, அதன் உறவினங்கள்தான் இருக்கின்றன. அதனால் ஊரில் பழகிய கணக்கை அப்படியே இங்கே போடாமல், கீழே சொல்லும் வரிசையில் பார்த்துப் பழகுங்கள்.

முதலில் இடம்

இந்தப் பறவைக்குக் காடு வேண்டாம், தண்ணீர் வேண்டாம், உயரமான புல்லும் வேண்டாம். நம்மூரில் பொட்டல் என்போமே, அதுதான் வேண்டும். உப்புப் பூத்த களர் நிலம், அறுவடை முடிந்த கோதுமை வயல், மண் சாலை, செங்கல் சூளைக்குப் பக்கத்துத் தரிசு, பிளாட் போட்டு இன்னும் வீடு எழும்பாத மனை. தில்லிவாசிகள் ‘அங்கே ஒன்றுமில்லை’ என்று கைகாட்டும் இடங்களாகப் பார்த்துப் போனால் பாதி வேலை முடிந்தது.

துவாரகாவில் இருப்பவர்களுக்கு நஜஃப்கர் பக்கம் வசதி. மெட்ரோவில் சாம்பல் வழித்தடத்தைப் பிடித்தால் தன்சா பேருந்து நிலையம் வரை போகலாம். அங்கிருந்து நஜஃப்கர் வாய்க்காலை ஒட்டிய வயல்வெளிகள் தொடங்கிவிடும். வாய்க்கால் என்று இன்று நாம் சொல்வது ஒரு காலத்தில் சாகிபி ஆறாக ஓடியது. இப்போது தண்ணீரின் நாற்றத்தைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும். கரைமேல் நின்று தண்ணீரைப் பார்க்காமல் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வயல் பக்கம் பாருங்கள். குருகிராமில் இருப்பவர்கள் ஃபரூக்நகர் சாலையில் சுல்தான்பூர் வரை போகலாம். தேசியப் பூங்காவின் உள்ளே போகத் தேவையில்லை, சுற்றியுள்ள காய்ந்த நிலங்களே போதும். மயூர் விகார்க்காரர்களுக்கு யமுனைக் காதர் பக்கம். ஆற்றின் வெள்ளச் சமவெளியை இங்கே காதர் என்கிறார்கள். அங்கே வேறு வானம்பாடிகளும் நிறைய என்பதால் குழப்பமும் கூடும். ஆரம்பத்திலேயே காதரில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

ஒரு எச்சரிக்கை. சாவ்லா பக்கம் எல்லைப் பாதுகாப்புப் படை முகாம் இருக்கிறது. முகாம் மதில்களுக்கு அருகே பைனாகுலரும் பெரிய லென்ஸும் வைத்துக்கொண்டு நின்றால் கேள்வி வரும், வரவும் வேண்டும். அடையாள அட்டை கையில் இருக்கட்டும், லென்ஸ் மதில் பக்கம் திரும்பாமல் இருக்கட்டும். வயலுக்குள் இறங்குமுன் அங்கே நிற்பவரிடம் ஒரு நமஸ்தே சொல்லி, ‘சிடியா தேக்னே ஆயே ஹை(ன்)’ (பறவை பார்க்க வந்திருக்கிறோம்) என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே வழிவிடுவார்கள். சிலர் டீயும் கொடுப்பார்கள். பெரியவர்கள் யாராவது இருந்தால் ‘சண்டூல்’ இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இந்தியில் இதற்கு அதுதான் பெயர். வட இந்தியாவில் காணப்படும் துணையினத்துக்கு ‘சண்டூலா’ என்ற அறிவியல் பெயர் வந்ததும் அந்தச் சொல்லிலிருந்துதான்.

எப்போது போவது

வருடம் முழுக்க இங்கேயே இருக்கும் பறவை, ஆகவே அவசரமில்லை. ஆனால் டிசம்பர், ஜனவரியில் காலை ஒன்பது மணி வரை மூடுபனி விலகாது. நவம்பரில் புகை. மே மாதத்தில் லூ என்ற அனல் காற்று வீசத் தொடங்கினால் பத்து மணிக்கு மேல் மனிதனும் நிற்க முடியாது, பறவையும் நிழல் தேடி ஒதுங்கிவிடும். பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் பாதி வரைதான் கற்றுக்கொள்ள ஏற்ற காலம். வெளிச்சம் தெளிவாக இருக்கும், ஆண் பறவை பாடத் தொடங்கியிருக்கும், ஏப்ரலில் கோதுமை அறுவடை தொடங்கித் தரையும் திறக்கும். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். எதிர்வெயிலில் எல்லா வானம்பாடியும் ஒரே கறுப்பு உருவம்தான்.

பார்க்கும் வரிசை

சரி, ஒரு பழுப்புப் பறவை தரையில் ஓடுகிறது. தத்திப் போகிறதா, ஓடுகிறதா என்று முதலில் கவனியுங்கள். சிட்டுக்குருவி தத்தும். வானம்பாடி காலை மாற்றி மாற்றி வைத்து ஓடும், சட்டென்று நிற்கும், மறுபடி ஓடும். அளவு சிட்டுக்குருவிக்கும் மைனாவுக்கும் நடுவில், சுமார் 17 சென்டிமீட்டர்.

அடுத்துத் தலை. புதியவர்கள் வழுக்கும் இடம் இதுதான். கொண்டை தெரிந்ததும் ‘கொண்டை வானம்பாடி’ என்று எழுதிவிடுவார்கள். தில்லியில் இருக்கும் சின்ன வானம்பாடிக்கும் உச்சி இறகுகளைத் தூக்கிக் கொண்டைபோல் காட்டத் தெரியும். பயந்தாலோ எதையாவது உற்றுப் பார்த்தாலோ தூக்கும், அப்புறம் படுக்கப் போட்டுவிடும். அது குட்டையான, மழுங்கிய கொண்டை. கொண்டை வானம்பாடியுடையது நீளமானது, கூரானது, உச்சியின் நடுவிலிருந்து எழுவது. மடக்கி வைத்திருக்கும்போதும் பின்னந்தலையில் ஒரு முனை துருத்திக்கொண்டு நிற்கும். எனவே ‘கொண்டை இருக்கிறதா’ என்று கேட்காதீர்கள். ‘கொண்டையைப் படுக்க வைத்தபிறகும் முனை தெரிகிறதா’ என்று கேளுங்கள். இதற்குக் கொஞ்ச நேரம் ஒரே பறவையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நொடிப் புகைப்படம் பதில் சொல்லாது.

மூன்றாவது அலகு. கொண்டையைவிட இதை நம்பலாம் என்பேன். கொண்டை வானம்பாடியின் அலகு நீளம், மேல்பக்கம் லேசாக வளைந்து முனையை நோக்கி இறங்கும். கீழ்பக்கம் ஏறக்குறைய நேர்கோடு. சின்ன வானம்பாடியின் அலகு மெல்லியது, குட்டை. புதர் வானம்பாடிகளின் அலகு தடித்தது. சாம்பல் தலை வானம்பாடிக்குத் தானியம் உடைக்கும் குட்டை அலகு, பக்கவாட்டில் பார்த்தால் முக்கோணம். பக்கவாட்டில் தெளிவாக அலகு தெரியும் ஒரு படம் கிடைத்துவிட்டால் மீதி எல்லாம் சுலபம்.

நான்காவது நிறமும் கீற்றுகளும். மேல்பகுதி மண்ணும் சாம்பலும் கலந்த வெளிர் நிறம், அதில் தெளிவில்லாத கருங்கீற்றுகள். மார்பில் கீற்று உண்டு, வயிறு வெளுப்பு. கண்ணுக்கு மேல் வெளிர்ப் புருவம். ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி. நிறத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். வானம்பாடிகள் வாழும் மண்ணின் நிறத்தை ஒட்டியே அவற்றின் இறகு நிறமும் அமைந்திருக்கும். இந்த ஒரே இனத்துக்கு 30க்கும் மேற்பட்ட துணையினங்கள் பிரித்துவைத்திருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். போதாக்குறைக்கு, செம்மண் புழுதியில் குளித்த பறவை செம்பழுப்பாகத் தெரியும். புழுதிக் குளியல் இதற்கு அன்றாட வேலை.

ஐந்தாவது, பறக்கும்போது. எழும்பியவுடன் மூன்று இடங்களைப் பாருங்கள்: இறக்கையின் பின்விளிம்பு, இறக்கையின் அடிப்பக்கம், வாலின் ஓரம். பின்விளிம்பில் வெளிர்க்கோடு இருக்காது. அடிப்பக்கம் இளஞ்செம்பழுப்பு. வால் குட்டை, நடுவைவிடப் பக்கங்கள் கறுத்து, கடைசி ஓர இறகுகள் மட்டும் செம்பழுப்பாக இருக்கும். வெள்ளை கிடையாது. வால் ஓரத்தில் பளிச்சென்று வெள்ளை தெரிந்தால் அது கொண்டை வானம்பாடி அல்ல, அநேகமாக வயல் நெட்டைக்காலி. இறக்கைகள் அகலமாக, முனை உருண்டு இருப்பதால் பறப்பது சோம்பலாகத் தெரியும். கொஞ்ச தூரம் அலையலையாகப் போய் மறுபடி தரையில் இறங்கிவிடும்.

இந்த ஐந்தில் குறைந்தது மூன்று உறுதியாகக் கிடைக்காமல் பெயர் எழுத வேண்டாம். ‘வானம்பாடி, இனம் தெரியவில்லை’ என்று குறித்துக்கொள்வதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. பறவைக் குறிப்புகளைப் பதியும் ஈபேர்ட் இணையதளத்திலும் அப்படிப் பதிய வழி இருக்கிறது.

யாரோடு குழம்பும்

தில்லியில் ஏமாற்றுவதில் முதலிடம் சின்ன வானம்பாடிக்கு. மேலே சொன்ன கொண்டைக் குழப்பம் தவிர, அதுவும் திறந்தவெளிப் பறவைதான். ஆனால் அதற்குக் கொஞ்சம் ஈரமும் புல்லும் பிடிக்கும், யமுனைக் காதரில் அதிகம். வானத்தில் புள்ளியாக நின்றபடி நிமிடக்கணக்கில் விடாமல் பாடும் பறவை இருந்தால் முதலில் அதைச் சந்தேகியுங்கள். மடக்கிய இறக்கையில் செம்பழுப்புச் சாயல் இருக்கும், பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் மெல்லிய வெளிர்க்கோடு தெரியும்.

வங்கப் புதர் வானம்பாடியும், ஆரவல்லிப் பாறைப் பக்கம் இந்தியப் புதர் வானம்பாடியும் உண்டு. இரண்டும் தடித்த அலகு, குண்டு உடம்பு. எழும்பும்போது இறக்கையில் செங்கல் நிறம் தெரியும். அது தெரிந்தால் விசாரணை முடிந்தது.

நெட்டைக்காலி பெயருக்கேற்ப நெட்டைக் காலும் ஒல்லி உடம்புமாக நிமிர்ந்து நிற்கும், வாலை லேசாக ஆட்டும். குளிர்காலத்தில் கூட்டம் கூட்டமாக வரும் குறுவிரல் வானம்பாடி சிறியது, கொண்டை இல்லாதது, கழுத்தோரத்தில் கரும்பட்டை இருக்கும். யமுனை மணல்திட்டில் ஓடும் குட்டிச் சாம்பல் வானம்பாடியைக் குழப்பிக்கொள்ள வழியில்லை, மணலை விட்டு அது அதிகம் நகராது.

விடுமுறையில் ஊர்ப்பக்கமோ மும்பைப் பக்கமோ போகும்போது ஒரு விஷயம் நினைவிருக்கட்டும். கொண்டைக்காரர்கள் இந்தியாவில் மூன்று பேர். தில்லியில் பார்ப்பது இந்த வெளிர் நிறக்காரரை. தெற்கு குஜராத்திலிருந்து கேரளம் வரை மேற்குக் கரையையும் மலைத்தொடரையும் ஒட்டி இருப்பது மலபார் வானம்பாடி. அது கருமை கூடிய செம்பழுப்பு, மார்பில் அழுத்தமான கீற்றுகள். தக்காணத்து வறண்ட நிலங்களில் இருப்பது சைக்ஸ் வானம்பாடி, கர்னல் சைக்ஸ் 1832ல் விவரித்தது. மூன்றில் அதுதான் சிறியது, சுமார் 14 சென்டிமீட்டர். அடிப்பகுதி செம்பழுப்பாகவும், கீற்றுகள் மேல்மார்போடு நின்றும் இருக்கும். நாக்பூரில் எடுத்த படத்தைத் தில்லிப் பறவையோடு வைத்து ‘இது ஏன் சிவந்திருக்கிறது’ என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

குரல்

காது பழகிவிட்டால் பைனாகுலரைத் தூக்குமுன்பே இருப்பது தெரிந்துவிடும். கூப்பிடு குரல் மூன்று நான்கு தெளிவான புல்லாங்குழல் சுரங்கள், ஏக்கம் கலந்தது போல ஏறி இறங்கும். பாட மண்கட்டியோ எல்லைக்கல்லோ மதில்சுவரோ போதும். சில நேரம் உயரப் பறந்தும் பாடும்.

பாட்டில் மற்றப் பறவைகளின் குரலையும் கலந்துவிடும். மனிதர்களின் சீழ்க்கையைக்கூட விடாது. எர்வின் டிரெட்ஸெல் என்ற ஜெர்மன் ஆய்வாளர் 1965ல் எழுதிய ஆய்வு ஒன்று பறவை ஒலி படிப்பவர்களிடையே பிரபலம். ஆடு மேய்ப்பவர் தன் நாய்களுக்குக் கட்டளையிட அடிக்கும் சீழ்க்கைகளைக் கொண்டை வானம்பாடிகள் கற்றுக்கொண்டு பாடின. அந்தப் பறவைக் குரலைக் கேட்டு நாய்களும் கீழ்ப்படிந்தன. இந்தத் திறமையே இங்கே இதற்கு வினையாகவும் ஆனது. வட இந்தியாவில் ஒரு காலத்தில் பாட்டுக்காகவும் பிற குரல்களைப் போலச் செய்வதற்காகவும் சண்டூலைக் கூண்டில் அடைத்து வளர்த்தார்கள். இன்று 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பதும் விற்பதும் குற்றம். யாராவது ‘பாடும் பறவை’ என்று கூண்டோடு விற்க வந்தால் பரிதாபப்பட்டு வாங்கி விடுதலை செய்யாதீர்கள். அவர் நாளைக்கு இன்னொன்றைப் பிடிப்பார். வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

மெர்லின் ஆப் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். உதவிதான், ஆனால் பிற குரல்களைப் போலப் பாடும் பறவையிடம் அது தடுமாறும். ஆப் இதைச் சொன்னது என்பதற்காக மட்டும் எழுதாதீர்கள், பறவையைக் கண்ணால் தேடுங்கள். போனில் பாட்டைப் போட்டுப் பறவையை வரவழைப்பது, அதிலும் கூடு கட்டும் காலத்தில், வேண்டவே வேண்டாம்.

கூடும் குஞ்சும்

வட இந்தியச் சமவெளியில் மார்ச்சிலிருந்து ஜூன், ஜூலை வரை கூடு கட்டும் காலம். கூடு என்றால் மரத்தில் தேடாதீர்கள். புல்தூறு அல்லது மண்கட்டியின் அருகே தரையில் ஒரு சிறு குழி, உள்ளே காய்ந்த புல், அவ்வளவுதான். முட்டைகள் மூன்றிலிருந்து ஐந்து வரை, வெளிர் நிறத்தில் பழுப்புப் புள்ளிகளோடு. காலடியில் இருந்தாலும் கண்ணில் படாது. பெரும்பாலும் பெண் பறவைதான் அடைகாக்கும், 11 முதல் 13 நாள். குஞ்சுகள் பறக்கத் தெரியுமுன்பே, சுமார் எட்டு ஒன்பது நாளில் கூட்டைவிட்டு நடந்து வெளியேறிவிடும். பறக்க அதற்கு மேல் இன்னும் ஒரு வாரம்.

திறந்த தரையில் கூடு என்பது ஆபத்தான இடம். காகம், கீரி, பாம்பு, தெருநாய் எல்லாவற்றுக்கும் எட்டும். ஓரிடத்தில் பதினைந்து நாள் உட்கார்ந்திருப்பதைவிட, சீக்கிரம் வெளியேறித் தனித்தனியாகச் சிதறி ஒளிந்துகொள்வது தேவலை. அதனால்தான் இந்த அவசரம். அந்த ஒரு வாரம், மண்கட்டிக்குப் பக்கத்தில் புள்ளி புள்ளியாக ஒரு குஞ்சு அசையாமல் படுத்திருப்பதைப் பார்த்தால் ‘ஐயோ, அநாதை’ என்று எடுத்துவிடாதீர்கள். தாயும் தந்தையும் பக்கத்திலேயே இரையோடு காத்திருக்கும், நீங்கள் நகர்வதற்காக.

குஞ்சுகளுக்குப் பூச்சிதான் உணவு. பெரிய பறவைகள் விதையும் தானியமும் வண்டும் தின்னும். வண்டி மாடு போகும் மண்பாதையில், சாணத்தைக் கிளறித் தானியம் பொறுக்குவதையும் பார்க்கலாம்.

கூடு கட்டும் மாதங்களில் நடக்கும் முறையை மாற்றுங்கள். வரப்பிலும் வண்டித்தடத்திலும் மட்டும் நடங்கள், தரிசின் குறுக்கே போகாதீர்கள். வாயில் இரையோடு ஒரு பறவை உங்களைச் சுற்றிச் சுற்றி ஓடினால் கூட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று பொருள். வந்த வழியே பின்வாங்குங்கள். தேடிப் போய்க் கூட்டைப் படம் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் காலடி மணத்தைத் தொடர்ந்து நாய் வரும்.

குறிப்பெடுப்பது

தேதி, நேரம், இடம், எத்தனை பறவை, தரை எப்படி இருந்தது. கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். களரா, உழுததா, அறுத்ததா, பிளாட் போட்டதா என்று ஒரு சொல் எழுதிவையுங்கள். தில்லியைச் சுற்றியுள்ள பொட்டல்கள் வேகமாக அடுக்குமாடிகளாகவும் விரைவுச்சாலைகளாகவும் மாறிவருகின்றன. ‘தரிசு’ என்று அரசுக் காகிதத்தில் இருப்பதால் அங்கே ஓர் உயிர் கூடு கட்டுகிறது என்று யாருக்கும் தோன்றுவதில்லை. ஐரோப்பாவில் இந்தப் பறவை மண் சாலைகளையும் ரயில் நிலைய வெளிகளையும் பிடித்துக்கொண்டு பரவியது. பிறகு அந்த வெளிகள் மூடப்பட்டு, விவசாயமும் மாறிப்போனபோது குறையத் தொடங்கி, ஸ்வீடன், சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளில் கூடு கட்டுவதே நின்றுவிட்டது. உலக அளவில் இன்று இது அழிவின் விளிம்பில் இல்லை. தில்லிக்குள் என்ன நிலை என்பதை இந்த மாதிரிக் குறிப்புகள் வருடக்கணக்கில் சேர்ந்தால்தான் சொல்ல முடியும்.

பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் ஊரில் கலந்துகொண்டவர்களுக்கு ஈபேர்டில் பட்டியல் போடுவது கைவந்த கலையாக இருக்கும். பிப்ரவரியில் தில்லியிலும் பறவையாளர்கள் ஒரே நாளில் குழுக்குழுவாகப் பிரிந்து கணக்கெடுக்கிறார்கள். புதியவர்களைச் சேர்த்துக்கொள்வார்கள். சேரும்போது, ‘ஏரிப் பக்கம் வேண்டாம், காய்ந்த நிலம் போகும் குழுவில் போடுங்கள்’ என்று கேளுங்கள். அந்தக் குழுவுக்குத்தான் எப்போதும் ஆள் தேவைப்படும்.